குறைத்துச் சொன்னது

ஜனவரி 13

பொங்கலுக்கு வெல்லம் வாங்க இந்தியன் கடையில் வரிசையில் நிற்கும்போது போன் வந்தது. பெடரல் கோர்ட்டிலிருந்து. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமாம். நான் வழக்கமாக ஆஸ்பத்திரி ஆள். "எங்கே வலிக்குது, எப்ப இருந்து வலிக்குது" என்று கேட்டுக் கேட்டே தலை நரைத்தவள். கோர்ட்டுக்கு எப்போதாவது கூப்பிடுவார்கள். விசா வழக்கு, வரி வழக்கு, அவ்வளவுதான். ஆனாலும் மிச்சிகனில் எங்கள் பக்கத்தில் அவர்கள் பட்டியலில் இருக்கும் ஒரே தமிழ்ப் பெயர் குமுதவல்லி ராஜமாணிக்கம்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இல்லையென்று டைரியிலாவது பொய் சொல்லக் கூடாது.

என்ன வழக்கு என்று கேட்டேன். போனில் பேசிய பெண் தயங்கினாள். இன்டர்நெட்டில் சிறு பிள்ளைகளுக்கு எதிரான குற்றம் என்றாள். முடியாது என்றால் சொல்லிவிடலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள் என்றாள். முடியும் என்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் இவர் கேட்ட முதல் கேள்வி: "நம்ம ஆளா?"

"ஆமாங்க. சங்ககிரிப் பக்கம்."

"கருமம்" என்று டிவிப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கும் அதுதான் தோன்றியது. இத்தனை வெள்ளைக்காரர்கள் நடுவில் மானத்தை வாங்கிவிட்டானே என்று.

ஜனவரி 16

ஜெயிலுக்குப் போய் வந்தேன். பெயர் தனசேகர், நாற்பத்தொரு வயது. மனைவிக்கு ஐ.டி. வேலை. அவர் வேலை செய்ய அனுமதியில்லாத விசாவில் பல வருடமாக வீட்டோடு இருந்தவர். போனில் டைப் செய்கிற அளவு இங்கிலீஷ் தெரியும், கோர்ட்டில் பேசுகிற இங்கிலீஷ் வராது. கைதான மறுவாரமே மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு வேறு மாநிலத்துக்குப் போய்விட்டாராம். இதுவரை போனிலேயே வேறு யாரோ மொழிபெயர்த்திருக்கிறார்கள். குற்றத்தை ஒத்துக்கொள்ளும் நாளில் மட்டும் ஆள் நேரில் இருக்கவேண்டும் என்று நீதிபதி சொல்லிவிட்டார்.

வக்கீலும் கட்சிக்காரரும் பேசும் அறையில் கேட்டது அந்த அறையோடு போய்விட வேண்டும். பிறகு நீதிபதியே கேட்டாலும் சொல்லக் கூடாது. டைரிக்கும் அதே சட்டம்தான். ஆகையால் ஒன்று மட்டும் எழுதுகிறேன். குற்றத்தை ஒத்துக்கொள்வதாக எழுதிய ஒப்பந்தத்தை ஒரு வரி விடாமல் தமிழில் படித்துக் காட்டினேன். நடுவில் தண்ணீர் கேட்டு வாங்கினேன். ஆனால் எதையும் குறைக்கவில்லை.

ஜனவரி 27

கோர்ட் மொழிபெயர்ப்பில் ஒரு விதி. "அவர் சொல்கிறார்" என்று சொல்லக் கூடாது. அவர் "நான்" என்றால் நாங்களும் "நான்" என்றே சொல்லவேண்டும். திருடன் பேசினால் நான் திருடன், போலீஸ் பேசினால் நான் போலீஸ். ஆஸ்பத்திரியில் இது பழகிப்போனது. எத்தனையோ பேருக்காகக் கர்ப்பமாக இருந்திருக்கிறேன், எத்தனையோ பேருக்காகச் சர்க்கரை வந்திருக்கிறது. இன்றுதான் அந்த விதியை நினைத்து உடம்பு கூசியது.

கோர்ட்டுக்குள் போனால் மூன்றாவது வரிசையில் ஓர் அம்மா. நூல் சேலை, மேலே யாரோ கொடுத்த பெரிய குளிர்க்கோட்டு, மடியில் மஞ்சப்பை. தனசேகரின் தாயார் பாவாயி அம்மாள். ஊரிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகிறதாம், தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறார். நீதிபதி நல்ல மனிதர். இவ்வளவு தூரம் வந்த தாய்க்கு என்ன நடக்கிறது என்று தெரியவேண்டாமா என்று சொல்லி, மகன் காதில் மாட்டுகிற கருவி போலவே அவருக்கும் ஒன்று கொடுக்கச் சொன்னார். நான் சின்ன மைக்கில் முணுமுணுப்பேன், அவர்கள் இரண்டு பேர் காதிலும் விழும். வேறு யாருக்கும் கேட்காது.

அந்த அம்மா கருவியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக் கைகூப்பினார். அங்கேயே எனக்கு மனசு சரிந்துவிட்டது.

முதலில் சாதாரணக் கேள்விகள். வயசு என்ன, என்ன படித்தீர்கள், மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா. பிறகு நீதிபதி குற்றத்தைப் படித்தார், நிறுத்தி நிறுத்தி, எழுத்து பிசகாமல். நான் மைக்கில் சொன்னது இவ்வளவுதான்: "நெட்ல ஒரு பொண்ணுகிட்ட தப்பா நடந்துகிட்டு, தப்பான படம் வச்சிருந்தீங்களா?"

"ஆமாங்க" என்றார்.

"யெஸ், யுவர் ஆனர்" என்றேன். நீதிபதி ஏற்றுக்கொண்டார்.

பெற்ற தாய் முன்னால் எந்தத் தமிழச்சி அதைச் சொல்வாள்? பெரியவர்கள் இருக்கிற இடத்தில் பேசும் பேச்சா அது? அர்த்தம் ஏறக்குறைய அதேதான். எல்லோருக்கும் எதைப் பற்றிய பேச்சு என்று தெரியும்.

வெளியே வந்ததும் அந்த அம்மா "அம்மிணி, நீங்க எந்தூருங்க?" என்று கேட்டார். கட்சிக்காரர் வீட்டாரோடு பேசக் கூடாது. கரூர் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னேன்.

ஜனவரி 28

சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்டிருக்கிறேன். இவர் சொல்லித்தான் தெரிந்தது.

பிப்ரவரி 9

கோவிலில் புளியோதரைக்கு நிற்கும்போது யாரோ முழங்கையைப் பிடித்தார்கள். பாவாயி அம்மாள்.

"கண்ணு, நீயே சொல்லு. எதோ கருமத்தப் படம் பாத்துப்போட்டான், நான் இல்லீங்கல. அதுக்கு பதினஞ்சு வருசத்துக்குக் கொறையாதுன்னா, எந்த ஊரு நாயம்? ஊருல எத்தன பேரு பாக்கறான், அவனுங்களயெல்லாம் புடிச்சு உள்ள வெச்சா ஊரே காலியாப் போயிருமல்ல?"

"எனக்குப் பேச அனுமதி இல்லைங்கம்மா. வக்கீலக் கேளுங்க."

"அவுரு பேசறது எனக்கெங்க புரியுது? நீங்க சொன்னதுதான புரிஞ்சுது. இதுக்குப் போயி ஏன்டா ஒத்துக்கிட்ட, வெளிய வந்துருடான்னு தெனம் போன்ல சொல்லிக்கிட்டிருக்கறன்."

அனுமதி இல்லை என்பது உண்மைதான். அந்த விதி இன்று எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. புளியோதரை வாங்காமலே காருக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 6

எதை நினைத்துப் பயந்தேனோ அது நடந்துவிட்டது. சொந்தக்காரர்கள் சேர்ந்து புது வக்கீல் பிடித்திருக்கிறார்கள். ஒத்துக்கொண்டதை வாபஸ் வாங்க மனு போட்டாயிற்று. அதில் தனசேகர் சொல்லும் காரணம்: மொழிபெயர்ப்பாளர் சரியாகச் சொல்லவில்லை, தப்பான படம் வைத்திருந்தேனா என்று கேட்டதற்குத்தான் ஆமாம் என்றேன், மிரட்டியதாகச் சொன்னது என் காதில் விழவே இல்லை.

என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றப் போகிறார்கள். கோர்ட்டில் டைப் அடிக்கிறவர் இங்கிலீஷை மட்டும்தான் பதிவு செய்கிறார். நான் முணுமுணுத்த தமிழ் எங்கேயும் இல்லை. நான், தனசேகர், அந்த அம்மா, இந்த மூன்று பேர் காதுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒப்பந்தத்தைக் குறைக்காமல் படித்துக் காட்டியதாக ஜனவரி 16 அன்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதற்குமேல் எழுத எனக்கு உரிமையில்லை.

மார்ச் 7

இவரிடம் சொல்லிவிட்டேன். சொல்லும்போது முகத்தைப் பார்க்க முடியவில்லை, கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு குமுதா? எல்லாத்தையும் முழுசாத்தான் சொன்னேன்னு சொல்லிட்டு வா. அங்க யாருக்குத் தமிழ் தெரியும்?"

"சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்லணுமா?"

"யாருக்காகப் பொய்? அவன் தப்பிக்கக் கூடாதுன்னுதான? நீ உண்மையைச் சொன்னா யாருக்கு லாபம்னு யோசி."

அவர் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. வேலையும் போகாது, பெயரும் கெடாது, குற்றவாளியும் தப்பமாட்டான். ஒரு பொய்யில் மூன்று காரியம்.

மார்ச் 11

அரசு வக்கீல் மிஸ் ஹோல்ட் கூப்பிட்டுப் பேசினார். என் மகள் வயதுதான் இருக்கும். மேஜையில் குழந்தைகள் வரைந்த படங்கள் எதுவும் இல்லை, போட்டோ எதுவும் இல்லை. இந்த வழக்குகளைப் பார்க்கிறவர்கள் அறையில் எதையும் வைக்கமாட்டார்களாம்.

என்ன சொல்லவேண்டும் என்று அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லித்தரவில்லை. நடந்ததைச் சொல்லுங்கள் என்றார். நான் ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன் என்று மழுப்பினேன். கிளம்பும்போது நானாகத்தான் கேட்டேன், மனு ஜெயித்துவிட்டால் என்ன ஆகும் என்று.

முழு விசாரணை நடக்கும் என்றார். பாதிக்கப்பட்ட அந்தப் பெண் வேறு மாநிலத்திலிருந்து வந்து, பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி முன்னால் சாட்சி சொல்லவேண்டி வரும். எல்லாம் முடிந்தது, நீ எதுவும் சொல்லவேண்டாம் என்று ஜனவரியில் அவளுக்குச் சொல்லியிருந்தார்களாம். போன வாரம் மறுபடி போன் செய்து, சொல்லவேண்டி வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"எப்படி எடுத்துக்கிட்டா?" என்று கேட்டேன்.

"சரின்னு சொன்னா. வேற எதுவும் சொல்லல" என்றார்.

மார்ச் 12

இவர் காப்பி குடித்துக்கொண்டே, "அந்தப் புள்ளைக்கு என்ன வயசு?" என்றார்.

பன்னிரண்டு. இப்போது பதின்மூன்று. ஏதோ ஆன்லைன் விளையாட்டில் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நடித்து அவளைப் பிடித்தான். அவர் காப்பியை வைத்துவிட்டு எழுந்து போனார்.

டைரியைப் புரட்டினேன். வெல்லம் இருக்கிறது, பாவாயி அம்மாளின் குளிர்க்கோட்டு இருக்கிறது, என் தலைக்கனம் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் நடுவில் போன மானம் இருக்கிறது. அந்தக் குழந்தை, "ஒரு பொண்ணு" என்று நான் மழுப்பியதைத் தவிர, நேற்று வரைக்கும் ஒரு வரியில்கூட இல்லை. கோர்ட் காகிதத்தில் அவளுக்கு "மைனர் விக்டிம் ஒன்று" என்று பெயர். அவர்கள் அவளைக் காப்பாற்றப் பெயரை மறைத்தார்கள். நான் அவளையே மறைத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. எழுதிப் பார்த்தால் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை.

மார்ச் 23

நாளைக்கு மனு மீது விசாரணை. முழுதாகச் சொன்னேன் என்றே சொல்லப் போகிறேன். அந்தப் பிள்ளைக்காக. சேலையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டேன்.

மார்ச் 24

கூண்டில் ஏறிக் கையைத் தூக்கிச் சத்தியம் செய்தேன். இத்தனை வருடத்தில் கோர்ட்டில் நான் "நான்" என்று சொல்லி அது நானேயாக இருந்தது இன்றுதான். இன்றைக்கு மொழிபெயர்க்க இன்னொரு மாநிலத்திலிருந்து ஒருவரைப் போனில் பிடித்திருந்தார்கள். தாயும் மகனும் காதில் கருவியோடு இருந்தார்கள். பாவாயி அம்மாள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், நம்ம ஊர்ப் பெண், நல்லதைச் சொல்வாள் என்பது போல.

புது வக்கீல் வளைத்து வளைத்துக் கேட்பார் என்று நினைத்துத் தயாராகப் போயிருந்தேன். அவர் நேராகக் கேட்டார்.

"நீதிபதி சொன்னது எல்லாவற்றையும் தமிழில் சொன்னீர்களா?"

"சொன்னேன்" என்றேன். பொய் சுலபமாகத்தான் வந்தது.

"மிரட்டினீர்களா என்பதைத் தமிழில் எந்த வார்த்தைகளில் சொன்னீர்கள்? அப்படியே திரும்பச் சொல்லுங்கள்."

வாயைத் திறந்தேன். மூன்றாவது வரிசையில் பாவாயி அம்மாள் கொஞ்சம் முன்னால் சாய்ந்து கேட்கிறார். அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. பொய் சொல்வதென்றாலும் அந்த வார்த்தைகளை இந்த அம்மா முன்னால் தமிழில் சொல்லித்தான் ஆகவேண்டும். எதைச் சொல்லக் கூசி இத்தனையும் செய்தேனோ அதையேதான் சொல்லவேண்டும். சொன்னாலும் அந்த அம்மாவுக்குத் தெரியும், அன்று அது தன் காதில் விழவில்லை என்று. ராத்திரியெல்லாம் பொய்யை இஸ்திரி போட்டவளுக்கு இது மட்டும் தோன்றவில்லை.

நீதிபதி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"இப்போது சொன்னது பொய். மன்னியுங்கள்" என்றேன். "நான் குறைத்துச் சொன்னேன். தப்பாக நடந்து தப்பான படம் வைத்திருந்தீர்களா என்றுதான் கேட்டேன். மிரட்டினது, வயசு, எதையும் சொல்லவில்லை."

"ஏன்?"

"அவருடைய அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்."

புது வக்கீல் முகத்தில் திருப்தியோடு உட்கார்ந்தார். மிஸ் ஹோல்ட் எழுந்தார். அவர் கோபத்தை எதிர்பார்த்தேன், திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் கையிலிருந்த காகிதத்தை என்னிடம் கொடுத்து, "அன்று நீதிபதி படித்தது இது. இப்போது இதைத் தமிழில் சொல்லுங்கள், உள்ளது உள்ளபடி" என்றார். எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. நீதிபதி சொல்லச் சொன்னார்.

சொன்னேன். மைக்கில் முணுமுணுக்கவில்லை, கூண்டிலிருந்து சத்தமாக. "பன்னெண்டு வயசுப் பொண்ணுன்னு தெரிஞ்சே, ஸ்கூல் பையன் மாதிரி நடிச்சுப் பழகி, அவ உடம்பைப் படம் எடுத்து அனுப்ப வச்சீங்களா? இன்னும் அனுப்பலைன்னா உன்கூடப் படிக்கிற எல்லாருக்கும் இதை அனுப்பிடுவேன்னு மிரட்டினீங்களா? அவ அழுது, விட்டுடுங்கன்னு எழுதின பிறகும் அஞ்சு மாசம் மிரட்டிக்கிட்டே இருந்தீங்களா?"

பாவாயி அம்மாள் காதிலிருந்த கருவியைக் கழற்றினார். அதற்கு இனி வேலையில்லை என்பது போல மடியில் வைத்தார். எழுந்து நின்றார்.

"தனசேகரு. இந்தம்மா சொல்றது நெசமாடா?"

காவலர் உட்காரச் சொல்லிக் கைகாட்டினார். அந்த அம்மா உட்காரவில்லை.

"என்னையப் பாத்துச் சொல்லுடா. அந்தப் புள்ள அழுதுதா?"

அவன் தலையை நிமிர்த்தவில்லை. போனில் இருந்த மொழிபெயர்ப்பாளர் விதிப்படி அதையும் இங்கிலீஷில் சொன்னார், "லுக் அட் மீ. டிட் தட் சைல்ட் க்ரை?" என்று. கோர்ட் முழுக்கக் கேட்டது.

வெளியே நடைவழியில் அந்த அம்மா எனக்காக நின்றார். திட்டுவார், அழுவார் என்று பயந்தேன். தாழ்ந்த குரலில்தான் பேசினார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமல்ல அம்மிணி? வெளிய வா வெளிய வான்னு நாந்தான அவனத் தூண்டி உட்டேன். நான் தாங்கமாட்டேன்னு நெனச்சுப்போட்டீங்களாக்கும். நானும் ரெண்டு பொட்டப்புள்ளைங்களப் பெத்தவதானுங்க."

லிஃப்ட் வந்தது, அவர் அதில் ஏறவில்லை, நான் ஏறிக்கொண்டேன்.

ஏப்ரல் 3

மனு வாபஸ். தாயார் ஜெயிலுக்குப் போய்ப் பேசியிருக்கிறார். என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. இருந்தாலும் நீதிபதி எல்லாக் கேள்வியையும் முதலிலிருந்து மறுபடி கேட்டாராம், வேறு மொழிபெயர்ப்பாளரை வைத்து, முழுசாக. அவன் ஒவ்வொன்றுக்கும் ஆமாங்க என்றானாம். மிஸ் ஹோல்ட் இரண்டு வரியில் தகவல் அனுப்பினார். நன்றி என்று அதில் இல்லை. இருக்கவும் கூடாது.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சில்ல, விடு" என்றார் இவர். நல்லபடியாக என்றால் என்ன என்று தெரியவில்லை.

ஏப்ரல் 14

வருஷப்பிறப்பு. மாங்காய்ப் பச்சடிக்கு வேப்பம்பூ கிடைக்கவில்லை. கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தது. என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், இதுவரை செய்த பணிக்கு நன்றி. தலைக்கனத்துக்கு வைத்தியம் ஆயிற்று. ஆஸ்பத்திரிக்கு நானே போன் செய்து நடந்ததைச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.

ஜூன் 12

தண்டனை நாள். யாரும் கூப்பிடவில்லை, பொதுமக்களில் ஒருத்தியாகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பாவாயி அம்மாள் வரவில்லை, மே மாதமே ஊருக்குத் திரும்பிவிட்டாராம்.

அந்தப் பெண்ணும் வரவில்லை. அவள் எழுதி அனுப்பியதை மிஸ் ஹோல்ட் படித்தார். ஒரு பக்கம்தான். வீட்டுக்கு வந்து ஞாபகத்திலிருந்து தமிழில் எழுதுகிறேன். குறைக்காமல்.

"எல்லாம் முடிந்துவிட்டது, நான் எதுவும் சொல்லவேண்டாம் என்று சொன்னீர்கள். அன்று பீட்சா வாங்கிச் சாப்பிட்டோம். அப்புறம் சொல்லவேண்டி வரலாம் என்றீர்கள். அதனால் நான் பழகினேன். தம்பிக்குக் கேட்கக் கூடாதென்று பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, அந்த வார்த்தைகளைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். முதலில் வரவில்லை. வாந்திதான் வந்தது. தினமும் சொன்னேன். கடைசியில் எல்லாவற்றையும் அழாமல் சொல்ல முடிந்தது. அன்றைக்குத்தான் இனி வரவேண்டாம் என்று போன் வந்தது. இப்போது எனக்கு அந்த வார்த்தைகள் எல்லாம் சொல்ல வரும். எப்படி மறப்பது என்றுதான் தெரியவில்லை."

அவனுக்கு இருபது வருடம். அந்தத் தண்டனை அவனுடையது. மார்ச் மாதத்துக் குழாய்ச் சத்தம் என்னுடையது.

ஜூன் 21

தமிழ்ச் சங்கப் பிக்னிக். வரமாட்டேன் என்றேன், இவர்தான் இழுத்துக்கொண்டு போனார். தயிர்சாத வரிசையில் சரோஜினி பிடித்துக்கொண்டாள். எங்கள் சங்கத்தின் நடமாடும் செய்தித்தாள் அவள்.

"குமுதாக்கா, அந்த சங்ககிரிக்காரர் கேஸ்ல நீங்கதானாமே? பாவம், ஏதோ தப்பான படம் பாத்தாராம், அதுக்குப் போயி இருபது வருசமாம்."

தப்பான படம். என் வார்த்தைதான், ஊரெல்லாம் சுற்றிவிட்டு என்னிடமே தட்டேந்தி வந்து நிற்கிறது.

"படம் பார்க்கல சரோஜினி" என்றேன். "பன்னெண்டு வயசுப் புள்ளய மிரட்டி மிரட்டிப் படம் வாங்கினான். அவ அழுதா. அதுக்கப்புறமும் அஞ்சு மாசம் மிரட்டினான்."

தயிர்சாதம் போட்டுக்கொண்டிருந்தவர் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டார். பின்னால் சங்கத்துப் பெரியவர்கள், தலைவரின் மாமனார் எல்லோரும் இருந்தார்கள். இவர் வந்து என் தோளைத் தொட்டு, "குமுதா, பெரியவங்க இருக்காங்க" என்றார் மெதுவாக.

"இருக்கட்டுங்க. அவங்களுக்கும் காது கேக்கும்" என்றேன். வரிசையில் கடைசியில் நின்றவருக்கும் கேட்கிற மாதிரி முதலிலிருந்து மறுபடி சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல். ஜனவரியில் சொல்லியிருக்க வேண்டியது.